சிவப்புக் கார் மேலே போகிறது

வணக்கம் சொல்லியாகிவிட்டது. அன்பான நேயர்களே என்றும் சொல்லியாகிவிட்டது. குரலில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு வேண்டும் என்று காதுக்குள் நிவேதன் சொல்கிறான். அவன் இந்த நேரலையின் தயாரிப்பாளர், பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் காலையிலிருந்து என் காதுக்குள்தான் குடியிருக்கிறான். சிரிப்பைக் கொண்டுவந்துவிட்டேன். அது என் தொண்டைக்குப் பழக்கம், துணிக்கடைக்கும் வரும், பல் ஆஸ்பத்திரிக்கும் வரும், எனக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு வராது. குரல் கொடுத்துப் பிழைப்பவள் நான், சுகிர்தா, இன்று ஊர்த்வா ஸ்பேஸ் நிறுவனத்தின் முதல் பெரிய ராக்கெட்டுக்குத் தமிழில் வர்ணனை சொல்கிறேன். கண்ணாடிக்கு அப்பால் மணல், மணல் முடிகிற இடத்தில் முள்வேலி, அதற்கும் அப்பால் ராக்கெட் வெள்ளையாக நிற்கிறது, இடுப்பிலிருந்து புகை கசிகிறது, அது புகை இல்லை, குளிர்ந்த ஆக்சிஜன் என்று ஹரிணி சொல்லித் தந்திருக்கிறாள். ஹரிணி கம்பெனி எஞ்சினியர், என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள், நான் வியக்கிற இடங்களுக்கு நடுவில் அவள் விளக்கம் சொல்வாள், அதுதான் ஏற்பாடு. ராக்கெட்டின் உச்சியில், அந்தக் கூம்பு மூடிக்குள், ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. நிறுவனர் விக்ராந்த் செல்லையாவின் சொந்தக் கார். வெளிநாட்டில் ஒருவர் முன்பே செய்து காட்டிய வித்தைதான், அதனால் ஸ்கிரிப்டில் ஆசியாவிலேயே முதல் முறையாக என்று போட்டிருக்கிறார்கள். ஆசியாவிலேயே முதல் முறையாக, என்று நானும் வியக்கிறேன். ஏன் கார் என்று யாரும் கேட்பதில்லை. விளம்பரம், அவ்வளவுதான். விளம்பரம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது, எல்லோரும் ஒரு முறை சிரித்துவிட்டு ரசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் முதலில் அங்கே வைப்பதாக இருந்தது காங்கிரீட் கட்டை. ஹரிணிதான் சொன்னாள், போன வாரம் கேன்டீனில், தோசையைப் பிய்த்துக்கொண்டே. "முதல் ஃப்ளைட்டுக்கு வெயிட்டுக்காக சும்மா ஒரு காங்கிரீட் பிளாக்தான் வைக்கிறதா இருந்துச்சு அக்கா. திடீர்னு ஒரு நாள் சார் மீட்டிங்குக்கு வந்து கார்னு சொல்லிட்டாரு. டிசைனெல்லாம் மாத்தி நாங்க நாசமாப் போனோம்." திடீரென்று. எந்த மாதம் என்று கேட்டேன், சட்னியைப் பார்த்துக்கொண்டு கேட்டேன், சும்மா கேட்பதுபோல இருக்கட்டும் என்று. "போன வருஷம் ஜூலை அக்கா." ஜூலை. என் தம்பி எட்வின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதம்.

ஜூலையில் எத்தனையோ நடக்கும். ஜூலையில் பள்ளிக்கூடங்கள் நடக்கும், கல்யாணங்கள் நடக்கும், ஒரு பணக்காரனுக்குத் தன் காரை வானத்துக்கு அனுப்பும் ஆசை வரும். எல்லாவற்றையும் எட்வினின் காலோடு முடிச்சுப் போடுவது எனக்கு வியாதியாகிவிட்டது, எனக்கே தெரியும். அடையாறில் ஒரு டாக்டரின் சிவப்புக் காரை வாசல் கேட் வழியாகப் படம் எடுத்துக்கொண்டு நின்றேன், அவருடைய மனைவி இறங்கி வந்து "என்னம்மா வேணும்?" என்று கேட்டாள், நல்ல மாதிரிக் கேட்டாள், முகவரி தேடுகிறேன் என்று உளறினேன். மால் ஒன்றின் அடித்தளத்தில் ஒரு சிவப்புக் காரின் முன்பக்கத்தைக் குனிந்து தடவிக்கொண்டிருந்தபோது காவலாளி விசில் ஊதினார். அந்தக் கார்களில் எதுவுமே அது இல்லை. அதனால் இதுவும் இல்லை என்று ஆகிவிடுமா. எட்வின் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர், விடிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுவான், முட்டுக்காடு தாண்டித் திரும்புவான், கேட்டால் பசங்களை ஓடச் சொல்கிறவன் தொப்பையோடு நிற்கக் கூடாது என்பான். சாலையின் இடது ஓரமாகத்தான் போயிருக்கிறான். பின்னாலிருந்து வந்த ஒன்று அவனை அடித்துவிட்டுப் போயிருக்கிறது. வலது கால் போயிற்று, முழங்காலுக்குக் கீழே. மீன் ஏற்றிக்கொண்டு வந்த வேன்காரர்தான் ஐஸ் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு அவனைப் படுக்க வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார், ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு முதலில் வந்தது மீன் வாசனை, ரத்தம் அப்புறம்தான் தெரிந்தது. சைக்கிளின் கம்பியில் சிவப்புப் பெயின்ட் தேய்ந்து ஒட்டியிருந்தது. ரோட்டில் விளக்குக் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. "சிவப்பு வண்டின்னா ஊர்ப்பட்டது இருக்கும்மா," என்றார் ஸ்டேஷனில் ஏட்டு. அடையாளம் தெரியாத வாகனம். எட்வினுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பின்னாலிருந்துதானே அடித்தது, அப்புறம் மயக்கம், கண் விழித்தால் ஆஸ்பத்திரி. அப்படித்தான் சொன்னான், போலீசுக்கும் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே வார்த்தைகளில் சொன்னான். ஒரே வார்த்தைகளில். அப்போது அதைப் பொறுமை என்று நினைத்தேன்.

இந்தக் காரைப் போன மாதம் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்னோட்டப் படம் எடுப்பதற்காக அந்தப் பெரிய கூடத்துக்குள் கூட்டிப் போனார்கள், தலைக்கு உறை, காலுக்கு உறை, தூசி கூடாதாம், ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதுபோல. கார் ஒரு மேடைமேல் சாய்வாக நின்றது, ஓட்டுநர் இருக்கையில் ஒரு பொம்மைக்கு வேட்டி சட்டை கட்டி உட்கார வைத்திருந்தார்கள், கூலிங்கிளாஸ் வேறு. எல்லோரும் பொம்மையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் விளக்குகளைப் பார்த்தேன், பழக்கதோஷம். வலது விளக்கின் கண்ணாடி லேசாக மஞ்சளடித்திருந்தது, கடற்கரைச் சாலையில் ஓடுகிற வண்டிகளுக்கு ஆவதுபோல மணல் பொரிந்திருந்தது. இடது விளக்கு பளிங்குமாதிரி இருந்தது. நேற்றுக் கடையில் வாங்கிப் பொருத்தியதுபோல. அதற்கு மேலே பானெட்டின் இடது ஓரத்தில் சிவப்பு கொஞ்சம் வேறு சிவப்பு, விளக்கு வெளிச்சத்தில் இருக்கலாம், கோணம் மாறினால் போய்விடலாம், இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தேன், போகவில்லை. இடது ஓரமாகச் சைக்கிளில் போகிறவனைக் காரின் எந்தப் பக்கம் அடிக்கும். இடது பக்கம்தான். "மேடம், கேமராவைப் பாத்துச் சிரிங்க," என்றார்கள். சிரித்தேன். மணல் பொரிந்த பழைய காரில் ஒரு விளக்கு உடைந்து மாற்றுவது அதிசயமா. ஒரு கல் பட்டிருக்கும். பார்க்கிங் தூணில் இடித்திருப்பான். எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது, நல்ல காரணங்கள் இவ்வளவு வரிசையாக வந்து நிற்பதுதான் பிடிக்கவில்லை. அவர்களே என்னைத் தேடி வந்தார்கள், அதுவும்தான். ஊரில் எத்தனை குரல்கள், டிவியில் முகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர், என் ஏஜென்டுக்குப் போன் பண்ணிச் சுகிர்தாதான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டார்களாம். "உன் குரல்ல ஒரு குடும்பப் பாங்கு இருக்காம்," என்று ஏஜென்ட் பெருமைப்பட்டாள். குடும்பம்.

"கவுண்டவுன் நிக்குது," என்கிறான் நிவேதன் காதுக்குள். "மேல காத்து ஜாஸ்தியாம். ஹோல்டு. நீங்க விருந்தினர் வரிசையைச் சொல்லி ஓட்டுங்க, பேர் ஸ்க்ரீன்ல வரும்." ஹரிணி மேல்காற்றைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்கிறாள், ராக்கெட் ஏறும் வழியில் காற்றின் வேகம் அதிகம் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள், தணிந்ததும் மறுபடி தொடங்குவார்கள். திரையில் பந்தல் தெரிகிறது, வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், முன்வரிசையில் பெரிய மனிதர்கள். நான் ஒவ்வொருவராக வரவேற்கிறேன், பெயரைச் சுவைத்துச் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னால் அவர்கள் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். "நிறுவனரின் அன்னையார், கமலவேணி அறக்கட்டளையின் தலைவர், திருமதி கமலவேணி அம்மாள் அவர்கள்." சொல்லிவிட்டேன். என் வாய் சொன்னதை என் காது கேட்கிறது. நரைத்த கொண்டை, வெளிர்ப் பச்சைப் பட்டு, கையைக் கூப்பி யாருக்கோ தலையசைக்கிறாள். கமலவேணி அறக்கட்டளை. எட்வினின் செயற்கைக் கால் அங்கிருந்துதான் வந்தது. உசத்தியான கால், கார்பன் பாதம், வெளிநாட்டுச் சரக்கு, போட்டுக்கொண்டு ஓடக்கூட முடியும் என்று பொருத்துகிறவர் சொன்னார். எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்குப் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி எழுதிப் போட்டேன் அக்கா என்றான். நாங்களும் ஜெபம் கேட்கப்பட்டது என்று சந்தோஷப்பட்டோம், அம்மா அந்த அறக்கட்டளை பெயரைச் சொல்லி ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள். எழுதிப் போட்ட மற்றவர்களுக்கும் கால் கிடைத்ததா. யாருக்காவது கிடைத்ததா. அந்த அறக்கட்டளைக்கு ஒரு பலகை, ஒரு ஆபீஸ், ஒரு வாசல் உண்டா என்று நான் ஏன் பார்க்கவில்லை, சிவப்புக் கார்களையெல்லாம் குனிந்து பார்த்தவள் இதை ஏன் பார்க்கவில்லை. கொடுத்தவனைச் சந்தேகப்படக் கூடாது என்று இருந்துவிட்டேன். "அடுத்த பேர் போகுது," என்கிறான் நிவேதன். அடுத்த பெயரைச் சொல்கிறேன், அதற்கடுத்ததையும். தொண்டை நிற்கவில்லை.

விளம்பரப் படம் ஓடும் இடைவெளியில் மைக்கை அணைத்துவிட்டு எட்வினுக்குப் போன் போடுகிறேன். முதல் மணியிலேயே எடுக்கிறான். "அக்கா, சூப்பராப் பேசுற. அம்மா சத்தமா வச்சுப் பார்க்கிறாங்க, தெருவுக்கே கேக்குது." குரலில் உற்சாகம். கொஞ்சம் அதிகமான உற்சாகம், நான் துணிக்கடைக்குக் கொண்டுவருவது போன்ற உற்சாகம். "எட்வின், உனக்குக் கால் கொடுத்த டிரஸ்ட், அது இந்த ஆளோட அம்மாதுன்னு உனக்குத் தெரியுமா?" "அப்படியா? பெரிய ஆளுங்க, எத்தனையோ டிரஸ்ட் வச்சிருப்பாங்க." "இந்தக் காரை நான் பக்கத்துல பாத்தேன்டா. விளக்கு ஒண்ணு மட்டும் புதுசு. மாத்தியிருக்காங்க." "இடது பக்க லைட் மாத்தினா உடனே ஆக்ஸிடென்ட்டா அக்கா? உனக்கு இதே வேலையாப் போச்சு." எங்களுக்கு நடுவில் டிவி சத்தம், அம்மாவின் இருமல். இடது என்று நான் சொல்லவில்லை. சொன்னேனா. இல்லை, விளக்கு ஒன்று என்றுதான் சொன்னேன், வார்த்தைகளைச் சொல்லித்தான் பிழைக்கிறேன், எதைச் சொன்னேன் எதைச் சொல்லவில்லை என்று தெரியாமல் போகாது. "எட்வின்." "சொல்லு." "நீ ஏதாவது பார்த்தியா?" "நான் எதையும் பார்க்கல. எத்தனை தடவை சொல்றது? இப்போ நடக்கிறேன்ல, பசங்களுக்கு விசில் ஊதுறேன்ல, அது போதும் அக்கா எனக்கு. நீ வேலையப் பாரு. வை." வைத்துவிட்டான். அவன் என்னிடம் போனை முதலில் வைத்ததே இல்லை. சைக்கிளில் போகிறவன் இடது ஓரமாகத்தான் போவான், இடது விளக்குதான் உடையும், அது அவனுக்கும் தெரிந்த கணக்குதானே, யோசித்துச் சொல்லியிருக்கலாம். இதுவும் ஒரு நல்ல காரணம். ஆனால் அவன் யோசிக்கவில்லை. யோசிக்க அங்கே நேரம் இருக்கவில்லை.

கதவு திறந்து ஏசிக் காற்றோடு வாசனைத் திரவியமும் உள்ளே வருகிறது, விக்ராந்த் செல்லையா. ஹோல்டு நேரத்தில் எங்கள் தமிழ் வர்ணனை அறையில் ஒரு சின்னப் பேட்டி, ஏற்கெனவே எழுதிவைத்ததுதான், நான்கு கேள்விகள், நான்கும் அவருக்குத் தெரியும். நினைத்ததைவிடக் குள்ளம். நகம் கடிப்பவர், விரல் நுனிகள் சிவந்திருக்கின்றன. எனக்கு வணக்கம் சொல்லும்போது கண்ணைப் பார்க்கிறார், பார்த்துவிட்டு உடனே ராக்கெட்டைப் பார்க்கிறார். சிவப்பு விளக்கு எரிகிறது, நாங்கள் நேரலையில் இருக்கிறோம். கனவு பற்றிக் கேட்கிறேன், சொல்கிறார். இளைஞர்களுக்குச் செய்தி கேட்கிறேன், சொல்கிறார். "இவ்வளவு ஆசையா வச்சிருந்த காரை ஏன் சார் அனுப்பறீங்க?" "பிடிச்சதைத்தானே கொடுக்கணும்? வேண்டாததைக் கொடுத்தா அது காணிக்கையா?" ஹரிணி சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். நான்காவது கேள்வி அடுத்த ராக்கெட் பற்றியது, தாளில் இருக்கிறது. "இந்தக் காரைக் கடைசியா எப்போ சார் ஓட்டினீங்க?" தாளில் இல்லாத கேள்வி. குரலில் சிரிப்பை வைத்துக்கொண்டேதான் கேட்டேன். காதுக்குள் நிவேதன் "ம்?" என்கிறான். விக்ராந்த் செல்லையா சிரித்த முகத்தோடு நிற்கிறார், சிரிப்பு அங்கேயே இருக்கிறது, அதற்குப் பின்னால் இருந்தவர் எழுந்து எங்கோ போய்விட்டார். "அது... ஞாபகம் இல்லைங்க. வேலை ஜாஸ்தி. ஓட்ட எங்க நேரம்?" நன்றி சொல்கிறேன், விளக்கு அணைகிறது, மறுபடி விளம்பரப் படம். அவர் போகவில்லை. என் மைக்கின் மேல் உள்ளங்கையை வைக்கிறார், அணைந்துதான் இருக்கிறது, இருந்தாலும் வைக்கிறார், குனிகிறார். "தம்பி நல்லா நடக்கிறாரா?" என்கிறார்.

எனக்குத் தம்பி இருப்பதை இங்கே யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. ஹரிணிக்குக்கூட. மிரட்டலா. மிரட்டுகிறவன் குரல் இப்படி இருக்காது, இவன் குரல் வறண்டிருக்கிறது, தூங்காதவன் குரல். அக்கறையா. அக்கறை உள்ளவன் மைக்கை ஏன் பொத்துகிறான். "நடக்கிறான்," என்றேன். வேறு என்ன சொல்வது. தலையை ஆட்டிக்கொண்டார். "நல்லது. நல்லது." போய்விட்டார். கதவு மெதுவாகச் சாத்திக்கொள்கிறது, எண்ணும்போது யாரும் வரக் கூடாதென்று ஹரிணி எழுந்து உள்தாழ்ப்பாள் போடுகிறாள். அவர் எனக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டாரா, தெரியக் கூடாது என்று கேட்டாரா. என்னை இங்கே உட்கார வைத்தது எதற்கு. காலுக்கு ஒரு உதவி, அக்காவுக்கு ஒரு வேலை, காருக்கு வானம், எல்லாவற்றையும் ஒரே மாதிரிச் சுத்தம் செய்கிறானா. அல்லது நான் அவனுடைய காரைப் புகழ்ந்து பேசுவதைக் கேட்டால் அவனுக்குத் தூக்கம் வருமா. அந்தக் கார் கராஜில் இருந்தால் யாராவது ஒருநாள் குனிந்து பார்ப்பார்கள். உடைத்துப் போட்டால் உடைத்தவனுக்குத் தெரியும். விற்றால் வாங்கியவனிடம் இருக்கும். வானத்துக்கு அனுப்பினால் ஊரே கை தட்டி வழியனுப்பும், நான் தமிழில் வழியனுப்புவேன். இப்போது கத்தலாம். நிறுத்துங்கள் என்று எழுந்து ஓடலாம், யார் நிறுத்துவார்கள், ஒரு வர்ணனைக்காரி விளக்கு புதிதாக இருக்கிறது என்று சொன்னதற்காகவா. அதுவும் அது என் காலா. அவனுடைய கால், அவனுடைய சாலை, அவன் போதும் என்கிறான். விசில் ஊதுகிறேன்ல என்றான். நான் பேசினால் நாளைக்கு அவனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், நீ கால் வாங்கிக்கொண்டு வாயை மூடினாயா என்று, டீக்கடையில் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். பேசாவிட்டால் அவனும் நானும் இனி ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது நடுவில் இது இருக்கும், அவன் தெரியாது என்பான், நான் சரி என்பேன், அம்மா காணிக்கை போடுவாள். "காத்து தணிஞ்சிருச்சு," என்கிறான் நிவேதன். "எண்ண ஆரம்பிச்சாச்சு. குரலை ஏத்துங்க."

பத்து. ஒன்பது. என் குரல் ஏறுகிறது, பந்தலில் இருப்பவர்கள் என்னோடு சேர்ந்து சொல்கிறார்கள், ஒலிபெருக்கியில் என் குரல் மணலைக் கடந்து போய்த் திரும்பி வருகிறது. எட்டு. ஏழு. அம்மா அங்கே வீட்டில் என்னோடு எண்ணிக்கொண்டிருப்பாள். ஆறு. ஐந்து. நான்கு. எட்வின் எண்ணிக்கொண்டிருப்பானா. மூன்று. மூன்றுக்குப் பிறகு நிறுத்தினால்கூட ராக்கெட் நிற்காது, அது என் குரலைக் கேட்டுப் போகவில்லை. இரண்டு. ஒன்று. வெளிச்சம் முதலில் வந்தது, சத்தம் இல்லாமல், அப்புறம் மேசை நடுங்கியது, தண்ணீர்ப் பாட்டில் தானாக நகர்ந்தது, அப்புறம்தான் நெஞ்சுக்குள் சத்தம். ஹரிணி அழுகிறாள், தான் கட்டியது போகிறதைப் பார்த்து அழுகிறாள், அவள் அழுவதில் ஒரு குற்றமும் இல்லை. நான் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, ஏதோ வீறுகொண்டு என்று சொன்னேன், விண்ணைப் பிளந்து என்று சொன்னேன். முதல் அடுக்கு பிரிந்தது, ஹரிணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கினாள். இரண்டாவது எரிந்தது. மூடி இரண்டாகத் திறந்து விலகியது. அதற்குப் பிறகு எதுவுமே நடக்காததுபோல ஒரு அமைதி, கட்டுப்பாட்டு அறையில் கைதட்டல், திரை ஒரு முறை கறுத்து மறுபடி வந்தபோது கார் இருந்தது. பின்னால் பூமி, நீலமாக, வளைந்து. முன்னால் சிவப்புக் கார். பொம்மையின் வேட்டி நுனி அசையவே இல்லை. கேமரா முன்பக்கத்திலிருந்து பார்த்தது, இரண்டு விளக்குகளும் நேராக என்னைப் பார்த்தன, வெயில் அங்கே மறைப்பில்லாமல் அடிக்கிறது, வலது விளக்கு மஞ்சள், இடது விளக்கு கண்ணீர்மாதிரித் தெளிவு. அங்கே போனபிறகு இன்னும் நன்றாகத் தெரிகிறது. "அட்டகாசம்," என்கிறான் நிவேதன். "காரைப் பத்தி நாலு வரி. மனசுலருந்து பேசுங்க, ஸ்கிரிப்ட் வேண்டாம்."

"நேயர்களே," என்றேன். சிரிப்பு வரவில்லை, முதன்முறையாகக் கூப்பிட்டும் வரவில்லை, அது இல்லாத என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, கொஞ்சம் தடித்த, அம்மாவுடையதைப் போன்ற குரல். "இந்தக் காரின் இடது பக்க விளக்கைப் பாருங்கள். வலது பக்கத்தைவிட அது புதியது. மேலே பெயின்டும் புதியது. போன வருடம் ஜூலை மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த என் தம்பி எட்வினை ஒரு சிவப்பு வண்டி அடித்தது. அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவனுடைய வலது கால் போய்விட்டது. அது இந்த வண்டிதான் என்று நான் சந்தேகப்படுகிறேன். சந்தேகம்தான். கையில் ஆதாரம் இல்லை, ஆதாரம் உங்கள் திரையில் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் தூரமாகப் போய்விடும். இந்த வண்டியின் சொந்தக்காரர் சற்று முன்பு இந்த மைக்கைப் பொத்திக்கொண்டு என் தம்பி நல்லா நடக்கிறாரா என்று கேட்டார். எனக்குத் தம்பி இருப்பதை அவரிடம் நான் சொன்னதில்லை. என் பெயர் சுகிர்தா." காதுக்குள் "என்ன பண்றீங்க" என்று ஒரு குரல், அதற்குப் பிறகு அங்கே ஒன்றுமில்லை, நிவேதன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஹரிணி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை, இடது விளக்கைப் பார்த்தாள். "ஜூலை," என்றாள், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல. பந்தலில் சிலர் எழுந்து நின்றார்கள். வெளிர்ப் பச்சைப் பட்டில் கமலவேணி அம்மாள் எழவில்லை, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நேரலை விளக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. ஏன் அணைக்கவில்லை என்று தோன்றியது, அதையும் சந்தேகப்பட்டேன், இணையத்துக்குப் போகும் வழியில் எங்காவது அறுத்திருப்பார்கள், நான் கண்ணாடிக்கும் மணலுக்கும் பேசிக்கொண்டிருக்கிறேன். கதவை யாரோ தட்டினார்கள். அப்புறம் பலமாகத் தட்டினார்கள். மேசைமேல் என் போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. எட்வின்.

எடுத்தேன். திட்டப்போகிறான். இனி அக்கா இல்லை என்று சொல்லப்போகிறான், அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவன் பக்கத்தில் டிவியில் என் அறையின் கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது, ஒரு கணம் தள்ளி, இங்கே தட்டுவது அங்கே கேட்டது. அப்படியென்றால் நேரலை போகிறது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. "தப்பாச் சொல்லிட்ட அக்கா," என்றான் எட்வின். குரலில் உற்சாகம் எதுவும் இல்லை. "எதுடா?" "நிக்காமப் போனான்னு சொன்ன. நிக்காமப் போகல. நின்னான். நல்ல வெளிச்சம் வந்திருச்சு, இறங்கி வந்தான். என் பக்கத்துல குந்தி உக்காந்து முகத்தைப் பார்த்தான். தம்பி தம்பின்னு கூப்பிட்டான். நான் கண்ணத் தொறந்துதான் இருந்தேன் அக்கா, அவன் முகம் இவ்வளவு கிட்ட. அப்புறம் ரோட்டுல ரெண்டு பக்கமும் பார்த்தான். எந்திரிச்சுப் போய் வண்டிய எடுத்தான்." கதவு அதிர்ந்தது. ஹரிணி கதவைப் பார்த்தாள், எழுந்து திறக்கவில்லை. "அவனோட அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, நீ மருந்து வாங்கப் போயிருந்தப்போ. எனக்கு நடக்கணும்னு இருந்துச்சு அக்கா. வேற ஒண்ணும் அப்போ தோணல." "சரிடா." "சரியில்ல. சொல்றதுன்னா முழுசாச் சொல்லணும். மைக் இருக்கா இன்னும்?" விளக்கைப் பார்த்தேன். சிவப்பு. போனில் ஸ்பீக்கரை அழுத்தி மைக்குக்குப் பக்கத்தில் வைத்தேன், தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி அதன்மேல் சாய்த்து வைத்தேன், இரண்டு முறை சரிந்தது. "இருக்கு," என்றேன். "நீ சொல்லு."